கொடுமுடிக் குயிலும் பிரஸ் ஷாப்பும்

தை மாதம், காலை ஐந்தேகால் மணி. ஓசூரில் கம்பெனி பஸ்ஸுக்காக ஏழெட்டுப் பேர் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தோம். ஊர் கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தைப் பனிக்கு இங்கே தனிக் கூர்மை உண்டு. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கும் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எதிர்த்த டீக்கடையில் பழைய கூம்பு ஸ்பீக்கர் ஒன்று முருகன் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு லாரி கடக்கும்போது பாட்டு அழிந்துபோகும். லாரி போனதும் மறுபடி முளைக்கும். இப்படிப் பாதி வரி, கால் வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு குரல் வந்தது. ஒரு லாரியும் வந்தது. குரல் போகவில்லை.

பாடியவர் கே.பி. சுந்தராம்பாள். பாட்டு, 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அவர் ஔவையாராக நின்று பாடியது. லாரி கடந்த அந்த நாலைந்து நொடியிலும் ஒரு சொல்கூடச் சிதையாமல் என்னிடம் வந்து சேர்ந்தது. மற்றவர்கள் பாடியபோது அழிந்தது, இவர் பாடியபோது ஏன் அழியவில்லை? சத்தமாகப் பாடுகிறார் என்று சொல்லி அன்றைக்கே முடித்திருக்கலாம். ஆனால் சத்தம் என்றால் என்ன என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன் நான்.

பிரஸ் ஓடும் இடத்தில் பேச்சு எப்படிச் சாகிறது என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் புரியும். தகட்டின் மேல் டை இறங்கும்போது பக்கத்தில் நிற்பவர் கத்துவது கேட்கும். ஆனால் அவர் ‘தட்டு’ என்றாரா, ‘கட்டு’ என்றாரா, ‘பத்து’ என்றாரா என்பது தெரியாது. அ, உ என்று உயிரோசை வந்துவிடும். மெய்யெழுத்துதான் வராது. நாம் ஒரு சொல்லை இன்ன சொல் என்று அடையாளம் காண்பது மெய்யால்தான், இரைச்சல் முதலில் தின்பதும் அதைத்தான். இன்னும் உரக்கக் கத்தினால் உயிர்தான் பெரிதாகும், மெய் அப்படியே செத்துக் கிடக்கும். அதனால்தான் பிரஸ் ஷாப்பில் நாங்கள் கையால் பேசுவோம். கட்டைவிரலை மேலே காட்டினால் ஒரு பொருள், உள்ளங்கையைக் கவிழ்த்தால் ஒரு பொருள். உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பழக்கமும் வந்துவிடும்.

சுந்தராம்பாள் பாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அவர் மெய்யைக் காப்பாற்றுகிறார். ஒரு க, ஒரு த, ஒரு ற வந்தால் அதை முதலில் அழுத்தமாக ஊன்றிவிட்டு, அதற்குப் பிறகே உயிரோசையை நீட்டுகிறார். நீட்டும் நீட்டலில் நமக்கு மயக்கம் வரும். ஆனால் நீட்டுவதற்கு முன்னாலேயே அந்தச் சொல் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆணியைச் சுவரில் நன்றாக அடித்துவிட்டு அப்புறம் மாலையைத் தொங்கவிடுகிற மாதிரி. நிறையப் பாடகர்களிடம் மாலை அழகாக இருக்கும், ஆணிதான் இருக்காது.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ரயிலிலிருந்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1908-ல் காவிரிக் கரையில் கொடுமுடியில் பிறந்தவர். அம்மா பெயர் பாலாம்பாள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதுதான் கே.பி.எஸ். வீட்டில் கடும் வறுமை. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் ரயில் பாதையில் கொடுமுடி ஒரு ஸ்டேஷன். அந்த ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி அவர். திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை உருவாக்கியவரும் ரயில்வே அதிகாரியுமான எஃப்.ஜி. நடேச ஐயர், அந்தச் சிறுமி அப்படி ரயிலில் பாடும்போதுதான் அவரைக் கேட்டுக் கண்டெடுத்து நாடகத்துக்கு அனுப்பினார் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

ஒரு குழந்தை ஓடும் ரயிலில் பாடுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கரி எஞ்சின், திறந்த ஜன்னல், தண்டவாளத்தின் இணைப்புதோறும் தடக் தடக் என்று விழும் சக்கரம். மூட்டை முடிச்சுகளோடு இருப்பவர்கள் யாரும் பாட்டுக் கேட்க டிக்கெட் வாங்கி வந்தவர்களில்லை. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் அவர்கள் காதைப் பிடித்தாக வேண்டும். சொல் புரியாவிட்டால் மனம் இளகாது, மனம் இளகாவிட்டால் கை மடிக்குள் போகாது. உயிரோசையை மட்டும் பெரிதாக்கினால் அது இரைச்சலோடு இன்னொரு இரைச்சலாகிவிடும். மெய்யை அடித்துச் சொன்னால் மட்டுமே அடுத்த பெஞ்சில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். எந்த வித்வானிடமும் போய்க் கற்க முடியாத பாடம் இது. பசி வாத்தியாராக இருந்து சொல்லிக்கொடுத்தது.

நாடகத்தில் கிடைத்த முதல் வேஷமும் பசியைப் பற்றியதாகவே அமைந்தது. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் ஏழு பிள்ளைகளில் ஒருவனாக மேடையேறி, வயிறு பசிக்கிறது என்று பாடும் சிறுவன் வேஷம். அந்தப் பாட்டுக்கு அவர் தனியாக அபிநயம் கற்றிருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. முன்னால் நாற்காலி, நடுவில் பெஞ்சு, கடைசியில் தரை. தரை டிக்கெட் வாங்கியவர்தான் கூட்டத்தில் பெரும்பான்மை. விடிய விடிய நடக்கும் நாடகத்தில் பாட்டுப் பிடித்துப்போனால் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தி மறுபடி பாடச் சொல்பவர்களும் அவர்களே. நாடகப் பாடகரின் சுருதி ஏன் அவ்வளவு உயரத்தில் இருந்தது, ஆர்மோனியத்தின் அந்தக் கோடிக் கட்டைக்கு ஏன் போனார்கள் என்று கேட்டால், இந்தத் தரை டிக்கெட்டுக்காரர்களுக்காகத்தான். உயர்ந்த சுருதி தூரம் போகும், கூட்டத்தின் முணுமுணுப்புக்கு மேலே மிதக்கும். ஆனால் உயரப் போகப் போகச் சொல் கலங்குவதும் இயல்பு. எந்தப் பாடகரும் உச்சத்துக்குப் போனதும் ‘ஆ’ என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொல்லைக் கைவிட்டுவிடுவார். சுந்தராம்பாள் உச்சியில் நின்றுகொண்டும் சொல்லைச் சொல்வார். அவருடைய பாட்டில் நான் முதலில் வணங்குவது இதைத்தான்.

அந்த உயரத்தில் அவருக்கு ஒரு துணை இருந்தார். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்தவர், நாடக மேடையில் ஆண் குரலின் எல்லையைத் தொட்டவர் என்று பெரியவர்கள் இன்றும் சொல்லி மாய்கிறார்கள். 1926-ல் இலங்கையில் நாடகம் நடத்தப் போன இடத்தில் இருவரும் ஒன்றாக மேடையேறினார்கள். 1927-ல் மாயவரத்தில் திருமணம். ‘வள்ளி திருமணம்’ அவர்களுடைய பேர்போன நாடகம். தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியும் அவளைத் தேடி வருகிறவரும் பாட்டாலேயே வாதாடிக்கொள்ளும் இடம் அதன் உயிர். ஒருவர் எறிந்ததை இன்னொருவர் பிடித்துத் திருப்பி எறிவது போன்ற அந்த மேடைப் பழக்கத்தின் சாயல் பிற்காலத்தில் அவர் தனியாகப் பாடிய பாட்டிலும் தெரிகிறது. ஒரு வரியைக் கேள்வி போலத் தூக்கிவிட்டுக் கண நேரம் நிற்பார். எதிரே யாரோ பதில் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பது போல இருக்கும். பிறகு அவரே பதிலையும் பாடுவார்.

பதில் சொல்ல வேண்டியவர் 1933 டிசம்பர் 2-ஆம் தேதி போய்விட்டார். கிட்டப்பாவுக்கு அப்போது 27 வயது, சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. நெற்றி நிறையத் திருநீறு. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. கொஞ்ச காலம் மேடைப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தபோது ஜோடி தேவைப்படாத ஒரு வேஷத்தை எடுத்துக்கொண்டார். அதுவும் ஆண் வேஷம். நந்தனார்.

1935-ல் ‘பக்த நந்தனார்’ படமாக வந்தது. அதில் நடிக்க அவருக்குக் கொடுத்தது ஒரு லட்சம் ரூபாய். ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்கும் கீழே விற்ற காலம் அது. ரயிலில் காலணா வாங்கிய கை என்று நினைக்கும்போது தொண்டை அடைக்கிறது. பணத்தைவிட என் மனதைத் தொடுவது அந்தப் படத்தில் அவருக்கு எதிரே நின்றவர் யார் என்பது. வேதியர் வேஷத்தில் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், கர்நாடக சங்கீதத்தின் மகாவித்வான். சபையில் வளர்ந்த குரலும் கொட்டகையில் வளர்ந்த குரலும் ஒரே படத்தில், ஒருவர் ஆண்டையாக, ஒருவர் பண்ணையாளாக. கோயிலுக்குப் போக அனுமதி கேட்டு நிற்கும் நந்தனாராகப் பாடியவர் ஒரு பெண், அதுவும் தெருவிலிருந்து வந்த பெண். இதைவிடப் பொருத்தமாக அந்த வேஷத்தை யார் ஏற்றிருக்க முடியும்?

அவருக்கு ‘கொடுமுடி கோகிலம்’ என்று பெயர் வந்தது. கோகிலம் என்றால் குயில். பெயருக்கு முன்னால் ஊர், பின்னால் பறவை. எனக்கு இதே மாதிரி இன்னொரு பெயர் தெரியும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி வாழும் ஸ்பானிய மொழிக்காரர்கள் தங்கள் பாடகி ஒருவரை ‘எல்லைப்புறத்து வானம்பாடி’ என்று அழைத்தார்கள். லிடியா மெண்டோசா. 1916-ல் ஹூஸ்டனில் பிறந்தவர். குடும்பமே பாடிப் பிழைத்தது. இடையில் வயல் வேலைக்கு வடக்கே மிச்சிகன் வரை போனார்கள். திரும்பி வந்து சான் அந்தோனியோ நகரத்துச் சந்தைத் திடலில் திறந்தவெளியில் காசுக்குப் பாடினார்கள். 1934-ல் பன்னிரண்டு தந்தி கிதாரைத் தானே மீட்டிக்கொண்டு லிடியா பாடிய ஓர் இசைத்தட்டு எல்லையின் இரண்டு பக்கமும் பரவியது. ஏமாற்றிய ஆணைப் பற்றிய பாட்டு அது. அதன் வரிகளைச் சிறுமியாக இருந்தபோது சூயிங்கம் சுற்றிய காகிதத்தில் படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாராம். ‘ஏழைகளின் பாடகி’ என்றும் அவருக்கு ஒரு பெயர் உண்டு.

1933, 1934, 1935. உலகத்தின் இரண்டு கோடியில் ஒரே சமயத்தில் இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், இரைச்சலில் பழகிய குரலோடு எழுந்து வருகிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் அவர்களுக்குப் பறவைப் பெயரே வைக்கிறார்கள். வானம்பாடி வெட்டவெளியில் மேலே ஏறிக்கொண்டே பாடும் பறவை. சந்தைத் திடலில் கிதாரோடு நின்ற பெண்ணுக்கு அது சரி. குயில் அப்படியில்லை. மாமரத்துக்குள் எங்கோ இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, குரல் மட்டும் தெருவெல்லாம் கேட்கும். டீக்கடைக் கூம்பு ஸ்பீக்கரில், கோயில் திருவிழா மைக் செட்டில், லாரி கேபினில் நம் காதுக்கு வரும் சுந்தராம்பாளுக்கு இதைவிட நல்ல பெயர் இல்லை.

நடுவில் அரசியலும் உண்டு. 1937 தேர்தலில் சத்தியமூர்த்தியோடு காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1950-களின் தொடக்கத்தில் சென்னை மாநிலச் சட்ட மேலவைக்கும் போனார். ‘துணைவன்’ படப் பாட்டுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார். இவை எல்லாவற்றையும் பத்திரிகைகள் நிறையவே எழுதியிருக்கின்றன. நான் பாட்டுக்குத் திரும்புகிறேன்.

1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தபோது அவருக்கு வயது 45கூட நிறையவில்லை. தலையெல்லாம் நரை, கையில் கோல், உடம்பு கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். இன்னொருவராக இருந்தால் கிழவி வேஷத்துக்காகக் குரலிலும் ஒரு நடுக்கத்தைச் சேர்த்திருப்பார். சுந்தராம்பாள் அதைச் செய்யவில்லை. உடம்பு வளைந்திருக்கிறது, குரல் நிமிர்ந்து நிற்கிறது. நாலடி நடந்து களைத்து உட்காரும் பாட்டி வாய் திறந்தால் மலையில் பட்டுத் திரும்பும் ஒலி. இது முரணாகத் தெரியவில்லை. தமிழ் ஔவைக்குத் தந்திருக்கும் இடமே அதுதானே: உடம்புக்கு வயசாகும், சொல்லுக்கு வயசாகாது. அந்த ஒரு தீர்மானத்தால்தான் நம் ஜனங்களுக்கு ஔவையார் என்றால் சுந்தராம்பாள் முகம் என்று ஆகிப்போனது.

டீக்கடையில் அன்று கேட்ட பாட்டுக்கு வருகிறேன். மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு பழனிக்கு வந்து நிற்கிறான் பிள்ளை முருகன். அவனைச் சமாதானப்படுத்த வருகிறார் ஔவை. தொடக்கத்தில் இரண்டே சொல்தான். கோபித்து வந்த பிள்ளையிடம் போய், நீயே பழம் என்கிறார். அதே வாக்கியத்தைத் திரும்பப் பாடும்போது முன்னால் ஒரு சொல் கூடுகிறது. மூன்றாம் தடவை அதற்கும் முன்னால் இன்னொன்று. கோபுரத்தில் நிலை நிலையாக ஏறிக் கலசத்துக்குப் போவது போன்ற அமைப்பு. புதிதாகச் சேர்ந்த சொல்லுக்கு அழுத்தம் தந்து, பழைய சொற்களைப் பழகியவையாக விட்டுவிடுகிறார். நாம் மூன்று தடவையும் வேறு வேறு வாக்கியத்தைக் கேட்பதாக உணர்கிறோம்.

அதில் ‘பழம்’ என்ற சொல்லைக் கவனித்துக் கேளுங்கள். நாக்கு மடங்கி மேலே போவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். ழகரத்தில் அவர் அவசரப்படுவதில்லை, அலங்கரிப்பதும் இல்லை. பழுத்த பழத்தைக் காம்போடு பிடித்துத் திருப்பிப் பறிக்கிற மாதிரி ஒரு திருப்பு, அவ்வளவுதான். பிறகு ‘ம்’ வாய்க்குள் மூடிக்கொள்கிறது. இன்னொரு நுட்பம், அந்த வாக்கியம் முடியும் ‘அப்பா’. சின்னப் பிள்ளையை ‘என்னப்பா’, ‘வாப்பா’ என்று கூப்பிடுவது நம் பாட்டிகளின் வழக்கம். பெற்ற தகப்பனுக்கு உரிய சொல்லைப் பேரனுக்குக் கொடுக்கும் பிரியம் அது. அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்கு வரும்போது மட்டும் பிடியைத் தளர்த்திவிடுகிறார். சத்தம் குறையவில்லை, அழுத்தம்தான் குறைகிறது. கோபமாக நிற்கும் பிள்ளையின் கன்னத்தை முரட்டுக் கை ஒன்று மெல்லத் தொடுவது போல.

அதே படத்தில் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக்கொண்டே போகும் பாட்டு ஒன்றும் அவருக்கு உண்டு. நான்கு வந்தால் வேதம், ஐந்து வந்தால் எழுத்து, ஆறு சுவை, ஏழு சுரம். எண்ணுப் பாட்டு என்றால் அடுத்து என்ன வரும் என்று கேட்பவருக்கு முன்னாலேயே தெரியும். பாடுகிறவர் கொஞ்சம் அசந்தாலும் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடாகிவிடும். சுந்தராம்பாள் அதை எண்ணிக்கையாகப் பாடவில்லை. ஒவ்வொரு எண்ணையும் ஒரு சந்நிதியாகப் பாவித்துக் கொஞ்சம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நகர்கிறார். ‘ஏழு’ வரும் இடத்தில் மறுபடியும் அந்த ழகரம். இசையைச் சொல்லும் எண்ணில் தமிழின் சிறப்பெழுத்து அமைந்ததும், அது இவர் வாயில் விழுந்ததும் நம் பாக்கியம்.

1964-ல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகளாக வந்தபோது அந்தக் குரலின் வேறொரு பக்கத்தைக் காட்டினார். வாழ்க்கையை ஓடமாகச் சொல்லும் பாட்டு. முருகன் பாட்டில் வரும் வீறு இதில் இல்லை. ஓடம் என்ற சொல்லைப் பாடும்போது ஒரு தளர்ந்த அசைவு வருகிறது. துடுப்பை ஓங்கிப் போடாமல் நீரோட்டத்தோடு விட்டுவிட்ட மாதிரி. காவிரிக் கரையில் பிறந்து பரிசல் பார்த்து வளர்ந்தவருக்கு நீரின் வேகத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி ஒரு சொல்லைப் பற்றி. எங்கள் ஷாப்பில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். பேரிகைப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு. ஓசூரில் இது சாதாரணம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ் என்று ஒரே நாளில் மூன்றையும் பேசிவிடுவார்கள். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. ஆனால் சுந்தராம்பாள் பாட்டு என்றால் நின்றுவிடுவார். 1967-ல் வந்த ‘கந்தன் கருணை’ படத்தில் முருகன் கேள்வி கேட்க ஔவை பதில் சொல்லும் பாட்டு ஒன்று வருமே, அதை முழுவதும் சொல்வார். அரியது எது, பெரியது எது என்று ஏணிப்படி போல ஏறும் பழைய தனிப்பாடல் அது. ஒரு பதில் வந்ததும் அதற்கு மேலே இன்னொரு பதில் வந்து முந்தியதைச் சின்னதாக்கிவிடும்.

ஒருநாள் நைட் ஷிப்ட் டீ இடைவேளையில் கேன்டீன் படியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார்: “தம்பி, அந்தப் பாட்டுல ‘கூன்’னு வருதில்ல, அது என்ன?”

“முதுகு வளைஞ்சிருக்கிறதுண்ணா.”

அவர் முகம் மலர்ந்தது. “அட, எங்க ‘கூனி’! கன்னடத்துல ‘கூனு’ங்கிறானே, அதான?”

“அதேதாண்ணா.”

“அப்ப இத்தனை வருஷமா நம்ம வீட்டு வார்த்தையத்தான் அந்தம்மா பாடிக்கிட்டு இருந்திருக்கு!”

எத்தனையோ வருஷமாகப் பொருள் தெரியாமலே அந்தச் சொல்லை அவர் மனதில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். சுந்தராம்பாள் அதைக் ‘கூ’ என்று இழுத்துவிட்டு ஒற்றெழுத்தைக் காற்றில் விட்டிருந்தால் அவருக்குக் கேட்க ஒரு கேள்வியே இருந்திருக்காது. அந்த ‘ன்’ முழுதாக வந்து சேர்ந்ததால்தான், படிக்காத மனிதர் ஒருவர் ஒரு சொல்லைப் பொருளில்லாமலே பாதுகாத்து, கடைசியில் அது தன் தாய்மொழிச் சொல்லும்தான் என்று கண்டுபிடித்தார். கூன் விழாமல் பிறப்பதே அரிது என்று பாடுகிறவர் திரையில் முதுகு வளைந்த கிழவியாக நிற்கிறார் என்பதையும் அன்றைக்கு அவர்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார். அத்தனை தடவை பார்த்தும் என் கண்ணில் படாத அழகு அது.

‘பழம்’ பற்றியும் அவரிடம் கேட்டேன். தெலுங்கில் இப்போது அந்த ழகரம் இல்லை, கன்னடத்திலும் ஒரு காலத்தில் இருந்து மறைந்துபோனது. அவரும் ‘பளம்’ என்றுதான் சொல்வார். “எனக்கு வராது. ஆனா அந்தம்மா சொல்றப்ப வேற எழுத்துன்னு தெரியுது” என்றார். பிறகு நாக்கை மடித்து இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். கேன்டீனில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

மணி அடித்தது. காதில் பிளக்கை வைத்துக்கொண்டு உள்ளே போனோம். அவர் பிரஸ் அந்தக் கோடியில், என்னுடையது இந்தக் கோடியில். நடுவில் நாலு மெஷின். அரை மணி நேரம் போயிருக்கும். ஏதோ டை மாட்டச் சொல்லி எனக்குக் கை காட்டுகிறார் என்று நிமிர்ந்தேன். அவர் முதுகை வளைத்து, இல்லாத கோல் ஒன்றை ஊன்றி நின்றார். பிரஸ் இறங்கி ஏறும் இடைவெளியில் அவர் உதடு குவிந்து நீண்டது. கடைசியில் நாக்கு நுனி மேலே போய்த் தொட்டது. அந்த ‘ன்’ வரைக்கும் எனக்குத் தெரிந்தது.